கருப்புக் கண்ணாடிக்கு அங்கிட்டு

மே 5
கத்திரி வந்ததும் ஃபிரிட்ஜில் இடச் சண்டை. இன்ஃப்ராரெட் ஃபிலிம் ஒரே ரோல், 36 படம், மாவுச் சட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. தொடாதே என்று அம்மாவிடம் மூன்று முறை சொல்லியாச்சு.

மே 7
சித்தப்பாவின் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி தரவில்லை. சர்க்கரை இறங்கணுமாம்.

மே 8
வில்லாபுரம் வெல்டிங் பட்டறை. ராடு நுனி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் சித்தப்பா தட்டித் தட்டிப் பற்றவைக்கிறார். நான் லென்ஸில் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைக்கும் ஆர்72 ஃபில்டரை மாட்டி வியூஃபைண்டரில் கண்ணை வைக்கப் போனேன், முதுகில் ஓங்கி ஒன்று விழுந்தது. "இருட்டாத்தான இருக்குன்னு பாக்குறியா? சூடு அதுக்குள்ளதான்டா வருது." அவருக்கு நானோமீட்டர் எல்லாம் தெரியாது, ஆனால் சொன்னது சரி. 720 நானோமீட்டருக்கு மேலே உள்ள இன்ஃப்ராரெட்டை ஃபில்டர் விட்டுவிடும், லென்ஸ் அதைக் குவித்து அனுப்பும், கண்ணோ இருட்டென்று நம்பிப் பாப்பாவை விரித்துவைத்துக் காத்திருக்கும்.

மே 9
தூக்கமில்லை. ராத்திரி கண்ணில் மண்ணள்ளிப் போட்டதுபோல் உறுத்துமே, அது புற ஊதா. ஓரிரு நாளில் போய்விடும். இன்ஃப்ராரெட் அப்படியில்லை, வலியே இல்லாமல் வருஷக்கணக்கில் கண்ணின் லென்ஸைச் சுடவைக்கும். கண்ணாடி ஊதுகிறவர்களுக்கு இதனாலேயே புரை வந்ததாகப் படித்திருக்கிறேன். சித்தப்பாவுக்கு டாக்டர் வயசு என்கிறார், சர்க்கரை என்கிறார், இருக்கலாம். ஆனால் கேட் கேட்டாக டேக் என்கிற சின்ன ஒட்டு போடும்போது "ஒரு பொட்டுதான" என்று முகமூடி இல்லாமல் கண்ணை மட்டும் திருப்பிக்கொள்வாரே, பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேனே, ஒரு நாளாவது நான் சொன்னேனா?

மே 10
சித்தப்பாவுக்குத் தெரு விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறதாம். கோடக் ஹெச்ஐஇ என்ற இன்ஃப்ராரெட் ஃபிலிமிலும் அப்படித்தான் வரும், பின்பக்கம் ஒளியை விழுங்கும் பூச்சு கிடையாது, பட்ட வெளிச்சம் திரும்பி வந்து கசியும். 2007-இல் நிறுத்திவிட்டார்கள். என்னிடம் இருக்கும் ரோலெய் ஃபிலிமில் அந்த வட்டம் அவ்வளவு வராது.

மே 11
ட்யூப் லைட்டை அணைக்கச் சொல்லி, ஸ்டாண்டு போட்டு, அமுக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பி-யில் வைத்து எடுத்தேன். அட்டையில் ஃபிலிம் வேகம் 400, ஆர்72 போட்டால் 12 என்றுதான் கணக்கு. ஃபோகஸை லென்ஸில் இன்ஃப்ராரெட்டுக்கென்று இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு நகர்த்த இரண்டு தடவை மறந்தேன், மடையன். வெல்டிங் ஆர்க் எரியும்போது எடுத்தது எல்லாம் வீண்தான், தெரியும். ராடைத் தூக்கிய பிறகு திறந்ததில்தான் நம்பிக்கை.

மே 12
கரண்ட் இல்லை.

மே 13
கழுவியாச்சு. ஆர்க் வந்த இடமெல்லாம் நெகட்டிவில் கரிக்கட்டி. அவருடைய கருப்புச் சட்டை பிரிண்டில் சாம்பலாக வரும், சாயம் அந்த ஒளியை நிறுத்தாது. முகமூடிக் கண்ணாடி மட்டும் கருப்பு. 22-வது படத்தில் ஒட்டு மட்டும் புழு மாதிரி மினுங்குகிறது. அதற்கு ஷட்டரைத் திறந்தபோது ஒட்டு எங்கள் இருவர் கண்ணுக்கும் அநேகமாக அணைந்திருந்தது. சித்தப்பா ஃபிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்தார், ரொம்ப நேரம். "எது நான்?"

மே 14
நாளை காலை ஆறு மணி, வெறும் வயிறு. வலது கண் முதலில். கேட் பாதியில் நிற்கிறது, பார்ட்டி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.