100 ஆம்ப் பிஎம்எஸ் இருந்தும் பேக் நிறையவில்லை

நேற்று இரவு ஒரு வழியாக என் பேட்டரி பேக்கின் எட்டு செல்களும் 3.5 வோல்ட்டில் ஒன்றாக வந்து நின்றன. வோல்ட் அதிகமுள்ள செல்லுக்கும் குறைந்த செல்லுக்கும் இடையே 9 மில்லிவோல்ட்தான். இரண்டு மாதமாக இதற்காகத்தான் மல்லுக்கட்டினேன். சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

பேக் இதுதான்: 100 ஆம்பியர்-மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் எட்டு, சீரீஸில். 1000 வாட் இன்வெர்ட்டர். பேக் 24 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில் முழு லோடு கொடுத்தால், இழப்பையும் சேர்த்து 46 ஆம்ப் போல இழுக்கும். செல்களைக் கண்காணித்து, எல்லை மீறினால் கட் செய்யும் போர்டுதான் பிஎம்எஸ்; 100 ஆம்ப் பிஎம்எஸ் தாராளம் என்று வாங்கினேன். அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் வாங்கும்போது ஆம்ப்பை மட்டும்தான் பார்த்தேன். செல்களைச் சமப்படுத்த அது பயன்படுத்தும் பேலன்ஸ் கரண்டைப் பார்க்கவே இல்லை.

சார்ஜரை 28.4ல் வைத்திருந்தேன். பேக் 27.4ஐத் தொட்டதும் ஒவ்வொரு முறையும் பிஎம்எஸ் சார்ஜைக் கட் செய்துவிடும். பார்த்தால் மூன்றாவது செல் மட்டும் 3.65க்கு எகிறியிருக்கும், மற்ற ஏழும் 3.39 பக்கத்திலேயே கிடக்கும். நாலு நாள் ஓடவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று பலரும் சொன்னதை நம்பி, மூன்று வாரம் தினமும் ஏற்றி இறக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம்தான் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். அந்த பிஎம்எஸ்ஸில் இருந்தது பாஸிவ் பேலன்ஸ், அதாவது அதிகமுள்ள செல்லின் சார்ஜை வெப்பமாக எரிப்பது, 50 மில்லிஆம்ப். செல்களைக் கழற்றி ஒவ்வொன்றாக பெஞ்ச் சப்ளையில் (வோல்ட்டை நாமே வைக்கக்கூடிய பவர் சப்ளை) ஏற்றிப் பார்த்தபோது மூன்றாவது செல் ஏறக்குறைய எதுவும் வாங்கவில்லை. மற்றவை ஒவ்வொன்றும் சுமார் 6 ஆம்பியர்-மணி வாங்கின. 6 ஆம்பியர்-மணியை 50 மில்லிஆம்பில் எரித்துத் தீர்க்க 120 மணி நேரம் வேண்டும். என்னுடைய பிஎம்எஸ் சார்ஜ் ஏறும்போது, அதுவும் 3.4 வோல்ட்டுக்கு மேலே மட்டும்தான் பேலன்ஸ் செய்யும். அந்த நேரம் ஒரு சார்ஜுக்கு அரை மணி என்று வைத்தாலும் 240 தடவை ஏற்ற வேண்டும். பேக்கை முதலில் கோக்கும்போதே டாப் பேலன்ஸ் (எல்லா செல்லையும் ஒரே வோல்ட் வரை முழுதாக நிரப்புவது) செய்யாமல் விட்டதற்கு இதுதான் விலை.

டாப் பேலன்ஸில் ஒரு விஷயம். கிளிப்பை செல்லில் மாட்டும் முன்பே சப்ளையை 3.65க்கு வைத்துவிடுங்கள். மெல்லிய ஒயர் போட்டால் வழியிலேயே வோல்ட் விழுந்து, செல் நிறையும் முன்பே கரண்ட் இறங்கிவிடும். பொறுமை போய் வோல்ட்டைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள், ஒயரை மாற்றுங்கள். நான் தடித்த ஒயரின் நுனியில் லக் (உலோக வளையம்) அடித்து நேராக போல்ட்டிலேயே முடுக்கினேன். அதற்குப் பிறகுதான் வேலை நகர்ந்தது.

இப்போது போட்டிருப்பது 1 ஆம்ப் ஆக்டிவ் பேலன்ஸர் (அதிகமுள்ள செல்லிலிருந்து குறைந்த செல்லுக்குச் சார்ஜை மாற்றுவது) உள்ளேயே இருக்கிற பிஎம்எஸ். ஆனால் கரண்டைவிட முக்கியமாக நான் தேடியது, பேலன்ஸ் தொடங்கும் வோல்ட்டை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி. இதில் அது 3.2ல் இருந்தது. எல்எஃப்பிக்கு அது கூடவே கூடாது. நடுப்பகுதியில் 3.2லிருந்து 3.35 வரை வோல்ட் வளைவு தட்டையாகக் கிடக்கிறது, சார்ஜ் ஏறினாலும் வோல்ட் அதிகம் மாறாது. அங்கே இரண்டு செல்லுக்கு நடுவே தெரியும் 10 மில்லிவோல்ட்டை வைத்து எதில் சார்ஜ் அதிகம் என்று சொல்லவே முடியாது. பேலன்ஸர் அதை நம்பி, நிறைந்த செல்லுக்கே இன்னும் தள்ளிவிடும். 1 ஆம்பில் தள்ளினால் ஒரே இரவில் பேக் மறுபடி கலைந்துவிடும். 3.42க்கு ஏற்றினேன். சார்ஜரை 28 வோல்ட்டில் ஒரு மணி நேரம் நிறுத்திவைக்கிறேன், பேலன்ஸருக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது.

அதற்குப் பிறகும் ஐந்தாவது செல் படுத்தியது. சார்ஜில் 60 மில்லிவோல்ட் அதிகம், லோடு கொடுத்தால் அதே 60 குறைவு. கரண்டை நிறுத்தினால் வித்தியாசமே இல்லை. இப்படி இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆடினால் முதலில் இணைப்பைச் சந்தேகப்பட வேண்டும். மல்டிமீட்டர் முனையை நேராக செல்லின் போல்ட்டில் வைத்தால் சரியான வோல்ட், செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரில் வைத்தால் தப்பு. 20 ஆம்ப் ஓடும்போது 60 மில்லிவோல்ட் என்றால் அந்த ஒரே இணைப்பில் 3 மில்லிஓம். கழற்றிப் பார்த்தால் பஸ்பாருக்கு அடியில் மெல்லிய கறுப்புப் படலம். எமரி தாளில் தேய்த்து, துடைத்து முடுக்கியதும் போய்விட்டது. பிஎம்எஸ்ஸைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பும் முன் எல்லோரும் இதைப் பார்த்துவிடுங்கள்.

இன்வெர்ட்டரை மாட்டியதும் ஷார்ட் என்று பிஎம்எஸ் கட் ஆவது புது பிஎம்எஸ்ஸிலும் வந்தது. உள்ளே இருக்கிற கப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் இழுப்பதுதான் காரணம். 25 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சில நொடி நிரப்பிவிட்டு மெயின் ஒயரை மாட்டுகிறேன். இதற்கு ஒரு நிரந்தர சுவிட்ச் வைக்க வேண்டும்.

செல் விற்பவரிடம் இனிமேல் ஒவ்வொரு செல்லுக்கும் கொள்ளளவும் உள்மின்தடையும் எழுதிய தாளைக் கேட்டுத்தான் வாங்குவேன். அடுத்து 16 செல், 51.2 வோல்ட், 280 ஆம்பியர்-மணி என்று மனம் அங்கே ஓடிவிட்டது. பஸ்பார் அளவுகூட வரைந்துவிட்டேன். ஆனால் இந்த பேக்குக்கே இன்னும் பெட்டி மூடி போடவில்லை. வெப்ப சென்சார் ஒயர் நடுச் செல் வரை எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை நீட்டி, நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் செருகிவிட்டுத்தான் மூடியைத் தொடப்போகிறேன்.