கடுகு இப்போது காலில் பாய்வதில்லை

அத்தையின் ஆடுசதையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை முந்தாநாள்தான் எடுத்தோம். காயம் ஆறி, இரண்டு கோடு மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. அத்தைக்கு 74 வயது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், தோல் காகிதம் மாதிரி. வழிந்துகொண்டே இருந்த ரத்தத்தைத் துணி வைத்து அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரத்தில், அவரைக் கீறிய எங்கள் பூனைக்குட்டி கடுகை யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கொடுக்கவில்லை. எங்கெல்லாம் தப்பு செய்தோம், எது கைகொடுத்தது என்று எழுதி வைக்கிறேன். இப்போது கையெல்லாம் கீறலோடு இருக்கும் யாருக்காவது உதவும்.

கடுகு எங்களிடம் வந்தபோது 6 வாரக் குட்டி. "தானாகவே சாப்பிடுது, எடுத்துட்டுப் போங்க" என்றார்கள், எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். சாப்பிடத் தெரிந்தால் மட்டும் போதாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. குறைந்தது 8 வாரம், முடிந்தால் 12 வாரம், குட்டி தன் தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கவேண்டும். அந்த நாட்களில்தான் குட்டிகள் ஒன்றையொன்று கட்டிப் புரளும், கடிக்கும். கடி பலமாகிவிட்டால் கடிபட்டது கீச்சென்று கத்திவிட்டு விளையாட்டை முறித்துக்கொண்டு போய்விடும். எவ்வளவு பலமாகக் கடிக்கலாம், நகத்தை எப்போது உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் படிகிறது. கடுகுக்கு அந்தப் படிப்பு பாதியில் நின்றுபோனது, மீதியை நாங்கள் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தோம். போர்வைக்கு அடியில் விரலை அசைப்பது, வயிற்றில் கையை வைத்து உருட்டுவது, அது கையைக் கட்டிக்கொண்டு கடித்தால் எல்லோரும் சேர்ந்து சிரிப்பது. 6 வாரக் குட்டியின் கடி கூசத்தான் செய்யும். அதே கடி 12 வாரத்தில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். குட்டியைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை, கை என்பது விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான்.

மூன்று மாதம் ஆனபோது நிலைமை இப்படி இருந்தது: திரைச்சீலைக்குப் பின்னால் பம்மிக்கொண்டு உட்காரும். கண்ணின் பாப்பா விரிந்து முழுக்கக் கறுப்பாகிவிடும், காது பக்கவாட்டில் மடங்கும், பின்புறம் மட்டும் இடதும் வலதுமாக ஆடும். அடுத்த நொடி கணுக்காலில் இருக்கும். முன்கால் இரண்டாலும் கட்டிப்பிடித்து, பல்லைப் பதித்து, பின்காலால் உதைத்துக் கீறும். யாராக இருந்தாலும் அப்போது காலை உதறத்தான் தோன்றும். அங்கேதான் காயமே ஆகிறது. நகம் கொக்கி மாதிரி வளைந்தது. இழுக்க இழுக்க ஆழமாக மாட்டும், அதோடு ஓடுகிற இரையைப் பிடித்த சந்தோஷம் வேறு அதற்கு. அசையாமல் நிற்கவேண்டும். முடிந்தால் கையையோ காலையோ அதன் பக்கமாகவே லேசாகத் தள்ளவேண்டும். இரை தன் பக்கம் வராது என்பதால் அது குழம்பி, பிடியைத் தளர்த்திவிடும். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மூக்கில் சுண்டச் சொன்னார் ஒருவர். சுண்டினால் அதையும் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வந்தது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு விளையாடச் சொன்னார் இன்னொருவர். அது இன்னும் மோசம், கையைக் கடிப்பது சரிதான் என்று நாமே சொல்லிக்கொடுத்தது போல் ஆகும். தண்ணீர் பீச்சும் பாட்டிலைத்தான் மூன்று நாள் முயன்று பார்த்தோம், எனக்கு இன்றுவரை உறுத்துவது அதுதான். மூன்றாம் நாள் என் கணவர் அறைக்குள் நுழைந்தாலே, கையில் பாட்டில் இல்லாவிட்டாலும், கடுகு கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவர் குனிந்து கூப்பிட்டார், வரவில்லை. அதே நேரம் பாட்டில் எடுக்காத என் மகனின் காலில் பாய்வது மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. ஆக, பாயக்கூடாது என்று அது கற்றுக்கொள்ளவே இல்லை, இந்த ஆளைக் கண்டால் பயப்படவேண்டும் என்று மட்டும் கற்றுக்கொண்டது. அவரிடம் மறுபடி மடியில் வந்து உட்கார இரண்டு வாரம் பிடித்தது. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். நகத்தையே எடுத்துவிடலாமே என்றுகூட ஒருவர் சொன்னார். அது நகத்தை மட்டும் எடுப்பது இல்லை, விரலின் கடைசி எலும்போடு வெட்டி எடுப்பது. அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

கால்நடை மருத்துவரைப் பார்க்கப் போன முதல் தடவை வீண். கூண்டுக்குள் ஒன்றரை மணி நேரம் கத்திக்கொண்டிருந்த குட்டியோடு காத்திருந்துவிட்டு முறை வந்தபோது, தடுப்பூசி அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. ரேபீஸ் ஊசிக்கான வயது வந்திருந்தது, ஆனால் முந்தைய ஊசி எந்தத் தேதியில் போட்டது என்று தெரியாமல் எதுவும் செய்யமாட்டோம் என்று வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவர் சொல்லிவிட்டார். சரி, ஊசி வேண்டாம், பாய்ந்து கடிக்கிறதே, அதைப் பற்றியாவது மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்றேன். "குட்டின்னா அப்படித்தான் இருக்கும், வளர்ந்தா சரியாயிடும்" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டார். வளர்ந்தால் தானாகச் சரியாகாது. பழகியது பழகியபடியே இருக்கும், உடம்பும் பல்லும் மட்டும் பெரிதாகும். அட்டையைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை மருத்துவரையே பார்த்தோம். தொட்டுப் பார்த்து, உடம்பில் வலி எதுவும் இல்லை என்று முதலில் உறுதி செய்தார். வலி இருந்தாலும் பூனை கடிக்குமாம், அதனால் அது முக்கியம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை விளையாட வைக்கிறீங்க?" எனக்குப் பதில் இல்லை. பந்து வாங்கிப் போட்டிருந்தோம், அது ஒரு மூலையில் கிடந்தது. நாள் முழுக்கத் தூங்கி எழுந்த குட்டிக்குள் வேட்டையாடுகிற துடிப்பு முழுசாக இருக்கிறது, வீட்டில் அசைகிற ஒரே பொருள் எங்கள் கால்தான் என்றால் அது வேறு எதன்மேல் பாயும்?

அன்று முதல் இறகு கட்டிய குச்சி வந்தது. காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை, படுப்பதற்கு முன் ஒரு தடவை, ஒவ்வொன்றும் 10 முதல் 15 நிமிடம். பூனைக்கு விடிகாலையும் அந்திப்பொழுதும்தான் துடிப்பான நேரம், அதற்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டால் பாதிப் பாய்ச்சல் தானாகக் குறைகிறது. ஆனால் எப்படி ஆட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் வாரம் நான் இறகை அதன் மூஞ்சிக்கு நேராக ஆட்டிக்கொண்டிருந்தேன், அது இரண்டு தடவை தட்டிவிட்டுப் போய்விட்டது. எந்த எலியும் பூனையின் வாயைத் தேடி வராது. இறகு அதைவிட்டு விலகி ஓடவேண்டும், நாற்காலிக் காலுக்குப் பின்னால் மறையவேண்டும், கொஞ்சம் நிற்கவேண்டும், நுனி மட்டும் நடுங்கவேண்டும். அப்புறம் கடைசியில் கட்டாயம் பிடிபடவேண்டும். பிடித்ததும் உடனே சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம் என்று அந்த வரிசை முடிந்தால்தான் அது அடங்குகிறது. லேசர் விளக்கை வாங்கி வீணாக்காதீர்கள். நாங்கள் வாங்கினோம். கையில் எதுவுமே சிக்காததால் விளக்கை அணைத்த பிறகும் கடுகு சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது, பார்க்கவே கஷ்டமாகிவிட்டது. இன்னொன்று, குச்சியில் கட்டிய கயிறை விளையாடி முடித்ததும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். பூனை நூலை விழுங்கினால் அது குடலைச் சுருக்கி அறுத்துவிடும், அறுவைச் சிகிச்சை வரை போகும்.

கட்டிப்பிடித்து உதைப்பதற்கு ஒரு பழைய காலுறைக்குள் துணி அடைத்து, அதன் உடம்பு நீளத்துக்கு ஒரு பொம்மை தைத்தேன். கையை நோக்கி வரும்போதெல்லாம் அதை நடுவில் திணித்தோம். நாலாவது மாதத்தில் பால்பற்கள் விழத் தொடங்கியபோதும் அந்தப் பொம்மைதான் எங்கள் விரல்களைக் காப்பாற்றியது.

பாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக முடிவு செய்தோம். கத்தக்கூடாது, அசையக்கூடாது, பிடி விட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவேண்டும், ஒரு நிமிடம் போதும். பூனையைத் தூக்கிக் குளியலறையில் அடைக்கக்கூடாது. தூக்கும்போதே இன்னொரு சண்டை ஆகிவிடும், விளையாட ஆள் போய்விட்டது என்பதுதான் அதற்குப் புரியவேண்டும். முதல் பத்து நாள் நிலைமை மோசமாகத்தான் போனது, கணுக்காலில் பாய்ந்துகொண்டிருந்தது தொடையில் பாய ஆரம்பித்தது. இதுவரை பலித்த தந்திரம் பலிக்காமல் போனால் இன்னும் பலமாக முயன்று பார்ப்பது இயல்பு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அவர் சொல்லியிருக்காவிட்டால் ஐந்தாம் நாளே விட்டிருப்பேன்.

அடுப்படியில் வேறு மாதிரிப் பிரச்சினை. நான் நறுக்கிக்கொண்டு நிற்கும்போது என் காலை மரமாக நினைத்து முழங்கால்வரை ஏறிவிடும். அதனால் நான் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டேன். அதில் ஏறி உட்கார்ந்தால் தீனி ஒன்று, தலையில் ஒரு தடவல். காலில் ஏறினால் எதுவும் இல்லை. நாலே நாளில் பிடித்துக்கொண்டது. இந்த மூன்று மாதத்தில் மிகச் சுலபமாக முடிந்த காரியம் அதுதான்.

நகம் வெட்டுவதில் சறுக்கினேன். ஒரே தடவையில் பதினெட்டையும் (முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நாலு நாலு) வெட்டிவிட அவசரப்பட்டு, ஒரு நகத்தில் உள்ளே இருக்கும் ரத்தநாளத்தைத் தொட்டுவிட்டேன். பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்தியதில் ரத்தம் நின்றுவிட்டது, ஆனால் ஒரு வாரம் பாதத்தைத் தொடவே விடவில்லை. இப்போது தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது விரலை மெதுவாக அழுத்தி நகத்தை வெளியே கொண்டுவந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இளஞ்சிவப்புப் பகுதிக்கு நன்றாக முன்னாலேயே, வளைந்த நுனியை மட்டும் வெட்டுகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு நகம், அதற்கு மேல் இல்லை.

இவ்வளவும் செய்து ஓரளவு அடங்கி வந்த நேரத்தில்தான் என் கொழுந்தன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "பூனைன்னா பிராண்டாமலா இருக்கும் அண்ணி?" என்று அதைப் புரட்டிப்போட்டு, வயிற்றில் கையை விட்டு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினான். மறுநாள் காலை அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தபோது கடுகு பாய்ந்தது. முதலில் சொன்ன காயம் அதுதான். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, துணியால் அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்குப் போனோம். வீட்டுப் பூனைதானே என்று எந்தக் கீறலையும் விட்டுவிடாதீர்கள், ரேபீஸ் ஊசி தேவையா இல்லையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பூனைக்குத் தெள்ளுப்பூச்சி இல்லாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். கீறலால் காய்ச்சல் வரவைக்கும் கிருமி பூனைக்குத் தெள்ளு மூலமாகத்தான் வருகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் மறுபடி வந்து கடுகை நோக்கிக் கையை நீட்டினான். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கட்டுப்போட்ட காலை முக்காலியில் தூக்கி வைத்தார். "டேய், இந்தக் காலைப் பார்த்துட்டு அப்புறம் கையை நீட்டு" என்றார். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, குச்சி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டான்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஆகிறது. யார் மேலும் ஒரு கீறல் இல்லை. நேற்று மாலை அத்தை கூடத்தைக் கடந்து போகும்போது திரைச்சீலைக்கு அடியில் வால் நுனி ஆடுவதைப் பார்த்து நான் எழுந்தேன். அத்தை நிற்கக்கூட இல்லை, உள்ளங்கையில் வைத்திருந்த பஞ்சுப் பந்தைத் தனக்கு எதிர்ப்பக்கமாக உருட்டிவிட்டார். கடுகு அவர் காலைத் தாண்டிக்கொண்டு பந்துக்குப் பின்னால் ஓடியது.