துடித்துக்கொண்டே இணையும் இதயம்

எங்கள் கல்லூரியின் கருவியல் செய்முறை வகுப்பு பல்லடத்துப் பக்கத்துக் குஞ்சுப் பொரிப்பகங்களை நம்பித்தான் நடக்கிறது. நாமக்கல் முட்டை எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அது சேவல் சேராத கோழியின் முட்டை, அதில் கரு இருக்காது. "கடை முட்டைய எத்தன நாள் அடை வெச்சாலும் ஒண்ணும் ஆகாதுங்க மேடம்" என்று பொரிப்பக மேற்பார்வையாளர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். அவர் தரும் முட்டை குளிரறையில் இருக்கும் வரை கருவின் வளர்ச்சி நின்றிருக்கும், 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்த பிறகுதான் அது மீண்டும் தொடங்கும். 21 நாளில் குஞ்சு வெளிவரும் என்பது கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எனக்கு வேண்டியது அதில் முதல் இரண்டு நாட்கள்.

விலங்கியல் ஆய்வகங்களில் 24, 33, 48, 72 மணி நேரக் கோழிக் கருக்களின் ஸ்லைடுகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. மாணவர்கள் அவற்றை வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால் இதயம் இரண்டாகத் தோன்றி ஒன்றாகிறது என்பதையும், ஒன்றாகி முடிவதற்குள்ளேயே அது வேலையைத் தொடங்கிவிடுகிறது என்பதையும் சாயம் ஏற்றிய அந்த ஸ்லைடுகளால் காட்ட முடியாது என்பதே என் உறுதியான கருத்து.

தொடக்கத்தில் கரு தட்டையான ஒரு தட்டுதான். அந்தக் கருத்தட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ள இடைப்படையில், அதாவது நடு அடுக்கில், இதயத்துக்கான செல்கள் தனித்தனியே திரள்கின்றன. அடியிலிருக்கும் அகப்படை என்ற அடுக்கு மடிந்து, உணவுக்குழாயின் முன்பகுதியாகப் போகும் முன்குடலாக மூடிக்கொண்டு பின்னோக்கி வரும்போது, இரு பக்கத்து இதய முளைகளும் நடுக்கோட்டை நோக்கி நெருங்கி, முன்குடலின் அடியில் ஒன்றாகின்றன. இந்த இணைப்பு ஒரே நொடியில் நிகழ்வதன்று. சட்டையின் ஜிப்பை மேலிருந்து கீழே இழுப்பதுபோல முன்னிருந்து பின்னாக நடக்கிறது. கீழறையாகப் போகும் பகுதி முதலில் சேர்கிறது, மேலறைப் பகுதி பிறகு சேர்கிறது, சிரைகள் வந்து சேரும் பின்முனை இன்னும் இரண்டாகவே இருக்கிறது. ஏறத்தாழ 33 மணி நேரத்தை ஒட்டி, சேர்ந்துவிட்ட கீழறைப் பகுதி துடிக்கத் தொடங்குகிறது. பின்னர் உருவாகும் மேலறை அதைவிட விரைவாகத் துடித்துத் தாளத்தைத் தன் வசமாக்குகிறது. அதற்கும் பின்னால் உருவாகும் சிரைப் பகுதி இன்னும் விரைவானது என்பதால், முழு இதயத்தையும் கடைசியில் அதுவே நடத்துகிறது.

இரு முளைகளும் நடுவில் சேராதபடி தடுத்தால் என்ன ஆகும்? கோழிக் கருவில் அதைச் செய்து பார்த்த ராபர்ட் டிஹான் 1959இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே கருவில் இரண்டு இதயங்கள் உருவாகித் தனித்தனியே துடித்ததைக் காட்டியது. துடிப்பதற்கு இணைப்பு தேவையில்லை. குருதியை ஒரே வழியில் செலுத்தத்தான் அது தேவை. இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

செய்முறையில் நாங்கள் செய்வது எளிது. இரண்டு நாள் அடை வைத்த முட்டையைப் பக்கவாட்டில் சிறிது நேரம் கிடத்தினால் கரு மேலே வந்து நிற்கும். ஓட்டைத் திறந்து, நடுவில் துளையிட்ட வடிதாள் வளையத்தைக் கருவைச் சுற்றி ஒட்டவைத்து, வெளி விளிம்பை வெட்டி எடுத்து, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் இறக்குகிறோம். நுண்ணோக்கியின் கீழ், தலைக்குச் சற்றுப் பின்னால், வலப்பக்கம் புடைத்த ஒரு வளைவு சுருங்கி விரிவது தெரியும். கரைசல் ஆற ஆறத் துடிப்பு தளர்கிறது. சூடான கரைசலைச் சில சொட்டுகள் விட்டதும் வேகம் திரும்புகிறது. ஸ்லைடைப் பார்த்து மௌனமாக வரைந்துகொண்டிருந்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள்.

மனிதக் கருவிலும் அடிப்படை இதுவே. கருவுற்று மூன்று வாரம் கடந்ததும் துடிப்பு தொடங்குகிறது. இரு முளைகளும் சேர்ந்து உருவான நேரான இதயக் குழல் வலப்பக்கம் வளைகிறது. உட்சுவர்கள் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து, எட்டாவது வாரத்துக்குள் நான்கு அறைகள் பிரிந்துவிடுகின்றன. மேலறைகளுக்கு நடுவே உள்ள வழி மட்டும் பிறப்பு வரை திறந்திருக்கும். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அது வளர்ந்த பிறகும் முழுமையாக ஒட்டுவதில்லை, பெரும்பாலோருக்கு அதனால் தொல்லையும் இல்லை.

ஒரு முறை பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தாயொருவர், தம் இளைய மகனுக்கு இதயத்தில் ஓட்டை இருப்பதைச் சொல்லி, "கெரகணத்தப்ப வெளிய போயிட்டனுங்க, அதுனாலதான் இப்படி ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார். இருந்த சுவரில் பின்னால் ஓட்டை விழவில்லை, சேர வேண்டிய சுவர்கள் சேர்ந்து முடியவில்லை, கிரகணத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்று விளக்கினேன். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஏதோவொரு பிறவி இதயக் குறை இருக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை நோயும், தொடக்க மாதங்களில் வரும் ரூபெல்லா தொற்றும் அந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் பெரும்பாலான குழந்தைகளில் தனியொரு காரணத்தைச் சுட்ட முடிவதில்லை. சுவர்கள் சேரும் வாரங்களில் பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே உறுதியாகத் தெரிந்திருக்காது.

அதன் பிறகு, எட்டு வாரக் கணக்கை நான் பாடத்தின் ஓரத்தில் வைப்பதில்லை. உள்தேர்விலும் பாகம் குறிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், 33 மணி நேர ஸ்லைடைக் கொடுத்து, எந்தப் பகுதி சேர்ந்துவிட்டது, எது இன்னும் சேரவில்லை, துடிப்பு எங்கிருந்து தொடங்கியிருக்கும் என்று எழுதச் சொல்கிறேன்.