தீ அணைந்த பிறகும்

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை எரித்த காட்டுத்தீயில் 85 பேர் மாண்டார்கள். தப்பியவர்களின் மனநிலையைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜோதி மிஸ்ராவின் குழு ஆராய்ந்து வருகிறது. 2023இல் வெளியான அவர்களது ஆய்வு என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தபடியே, திரையில் வரிசையாக நீந்தும் மீன்களுள் நடுமீன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் கேட்கிறார்கள். தீயை அனுபவித்தவர்களின் கவனத்தை அக்கம்பக்கத்து மீன்கள் மற்றவர்களைவிட அதிகம் சிதறடித்தன, அவர்களது மூளையின் முன்பகுதியும் கூடுதலாக உழைத்தது.

எரிந்த வீட்டுக்கு இழப்பீடு கணக்கிடுகிறோம்; இந்த ஓயாத உழைப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்பதே என் வருத்தம். உடற்பயிற்சியும் மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சியும் உள்ளவர்களிடம் மனநலப் பாதிப்பு குறைவாக இருந்ததை இக்குழுவே 2021இல் கண்டறிந்திருந்தது.