ஏரிக்கரையில் ஏழு வாரம்

ஜூன் 15, 2023, வியாழன்

பாஸ்டனிலிருந்து வடக்கே பஸ் பிடித்து வந்து சேர்ந்து இரண்டு நாள் ஆகிறது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தின் மேற்குப் பக்கம், பைன் மரங்களுக்கு நடுவே ஓர் ஏரி. அதன் கரையில்தான் பையன்களுக்கான இந்தக் கோடை முகாம். ஜே-1 என்னும் பரிமாற்றத் திட்ட விசாவில் வந்திருக்கிறேன். பதவியின் பெயர் கவுன்சிலர். உத்தமபாளையத்தில் அம்மா அதைச் சொன்னபோது எந்த வார்டு என்று கேட்டார்களாம். ஒரு மரக் கேபினில் எட்டுப் பையன்களோடு படுத்து எழுந்து, அவர்களைச் சாப்பிட வைத்து, குளிக்க வைத்து, பகலில் ஏரியில் இறங்கி நீந்துவதற்கான மேடையான நீச்சல் துறையில் காவல் நிற்பதுதான் வேலை.

இன்று உயிர்காப்பாளர் தேர்வு. நிற்காமல் 550 கஜம் நீந்த வேண்டும். கையைப் பயன்படுத்தாமல், காலால் மட்டும் உதைத்து இரண்டு நிமிடம் தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்திருக்க வேண்டும். பிறகு, ஏழடிக்குக் குறையாத ஆழத்தில் கிடக்கும் 10 பவுண்டு செங்கல்லை மூழ்கி எடுத்து, நெஞ்சோடு அணைத்தபடி மல்லாந்து நீந்தித் திரும்ப வேண்டும். இதற்கு 1 நிமிடம் 40 விநாடிதான். கிணற்றில் பழகிய உடம்பு என்பதால் முதல் இரண்டும் சிரமமாக இல்லை. செங்கல்தான் சோதித்துவிட்டது. ஏரித் தண்ணீர் தேயிலைச் சாயம்போலப் பழுப்பாக இருக்கிறது, அடியில் ஒன்றும் தெரிவதில்லை. கையால் துழாவித்தான் எடுத்தேன். தேறிவிட்டேன்.

ஜூன் 19, திங்கள்

காலை முழுவதும் வகுப்பு. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் பீச்சில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, தண்ணீரில் மூழ்குகிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று படம்பிடித்து ஆராய்ந்தவர். அவர் கண்டதை எங்களுக்குச் சொன்னார்கள். மூழ்குகிறவன் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த நொடி மூச்சுக்கே போதவில்லை என்றால் குரல் எங்கிருந்து வரும்? கையை ஆட்டி யாரையும் கூப்பிடுவதும் இல்லை. இரண்டு கைகளும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். உடம்பு செங்குத்தாக நிற்கும். 20 முதல் 60 விநாடிக்குள் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவனுக்கு அது விளையாட்டாகத் தெரியும்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகினோம். எனக்குப் பத்து வயது, பெரியப்பா மகனுக்குப் பதினொன்று. ஒரு மே மாதம் மத்தியானம் ஏழு பேர் குதித்துக்கொண்டிருந்தோம். போதும் என்று ஏறி வந்து மோட்டார் ரூம் படியில் செருப்பைத் தேடினோம். ஆறு பேர் போட்டுக்கொண்ட பிறகும் ஒரு ஜோடி கிடந்தது. நீல நிற ரப்பர் செருப்பு. அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவன் ஏன் ஒரு சத்தம்கூடப் போடவில்லை என்று பதினோரு வருஷமாகப் பெரியம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கான பதில் இன்று காலை எனக்குக் கிடைத்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை.

ஜூன் 24, சனி

பையன்கள் வந்துவிட்டார்கள். மழையில் நனைந்த டிரங்குப் பெட்டிகளைக் காலையிலிருந்து தூக்கினோம். எனக்கு ஒன்பது, பத்து வயதுக்காரர்கள் எட்டுப் பேர். பிள்ளைகளின் பெயரை வெளியே எழுதக்கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. அதனால் அட்டை எண்ணைச் சொல்லியே எழுதுகிறேன்.

அந்த அட்டை என்னவென்று சொல்ல வேண்டும். நீச்சல் துறைக்குள் நுழையும் இடத்தில் ஆணிகள் அடித்த ஒரு பலகை இருக்கிறது. ஒவ்வொரு பையனுக்கும் எண் எழுதிய வட்ட அட்டை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. தண்ணீரில் இறங்கும்போது சிவப்பு தெரியத் திருப்பி, தன் ஜோடியின் அட்டையோடு ஒரே ஆணியில் மாட்ட வேண்டும். ஏறும்போது வெள்ளைக்குத் திருப்ப வேண்டும். தனியாக யாரும் இறங்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்ததும் ஜோடி ஜோடியாகக் கைகோத்துத் தூக்கி நிற்பார்கள். நாங்கள் தலைகளை எண்ணுவோம், ஒருவர் பலகையில் சிவப்பை எண்ணுவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் ஆட்டம் தொடரும்.

ஒரு தச்சர் அரை நாளில் செய்துவிடக்கூடிய பலகை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 27, செவ்வாய்

43 அழுகிறான். பகலில் சரியாக இருக்கிறான். இரவு ஒன்பது மணிக்கு விளக்கணைக்கச் சொல்லி பியூகிள் என்ற ஊதுகொம்பை ஊதியதும் ஆரம்பித்துவிடுகிறது. இங்கே பையன்களிடம் போன் கிடையாது. பெற்றோருக்குக் கடிதம் மட்டும்தான்.

இன்று அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மெதுவாக விஷயம் வெளிவந்தது. "ஒரு வாரம் இருந்து பார், பிடிக்கவில்லை என்றால் வந்து கூட்டிப்போகிறேன்" என்று அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டு ஏக்கத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்த கிறிஸ்டோபர் தர்பர் என்ற உளவியலாளர், பெற்றோர் செய்யவே கூடாதது என்று சொல்வது இந்த ஒப்பந்தத்தைத்தான். உன்னால் முடியாது என்று நானே நினைக்கிறேன் என்பதுதான் பிள்ளையின் காதில் விழுகிறதாம். அது எவ்வளவு உண்மை! இவன் ஏரியைப் பார்க்கவில்லை, ஏழு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

ஆறாம் வகுப்பில் என்னை விடுதியில் சேர்த்தபோது, இருட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அம்மா மடித்து வைத்த துணியை மோந்து பார்ப்பேன். இதை அவனிடம் சொன்னேன். அவன் தலையணை உறையை மூக்கோடு வைத்துக்கொண்டு, வீட்டு சோப்பு வாசனை போகப்போகிறது என்றான். நாளையிலிருந்து பலகையடியில் எனக்கு உதவி செய்யச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 2, ஞாயிறு

ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு டிக்கெட், வீட்டுக்கு எழுதிய கடிதம். கடிதத்தைக் கொடுத்தால்தான் சாப்பாட்டுக் கூடத்துக்குள் விடுவார்கள். 43 தன் கடிதத்தை எனக்கே காட்டினான். மழை பெய்கிறது, பான்கேக் சாப்பிட்டேன், நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா. மூன்றே வரி. முகாம் இயக்குநர் அப்பாவோடு போனில் பேசியிருக்கிறார். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 4, செவ்வாய்

சுதந்திர தினம். ஏரிக்கு அக்கரையில் வாணவேடிக்கை.

தினமும் கொடியும் பியூகிளும் எதற்கு என்று இங்கேயே வளர்ந்த சக கவுன்சிலரிடம் கேட்டேன். இந்த முகாம் வழக்கமே போரில் பிறந்தது என்றார். 1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, கனெக்டிகட்டில் ஃபிரெடரிக் வில்லியம் கன் என்ற பள்ளி ஆசிரியரின் மாணவர்களுக்குச் சிப்பாய்களைப்போல வெட்டவெளியில் கூடாரத்தில் தங்க ஆசை வந்திருக்கிறது. அவரும் நாற்பது மைல் நடத்திக் கூட்டிப்போய்க் கடலோரத்தில் இரண்டு வாரம் வைத்திருந்தார். அமெரிக்கக் கோடை முகாம்களின் கதையை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இரவில் நாங்கள் ஊதும் 'டாப்ஸ்' மெட்டும் 1862-இல் வர்ஜீனியாவில், அதே போரின் பாசறையில் உருவானதுதான்.

ஜூலை 9, ஞாயிறு

மாலையில் உண்ணி பார்க்கும் நேரம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மான் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். அது கடித்தால் லைம் நோய் வரலாம். பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால் தினமும் பார்த்துவிட்டால் பயமில்லை. கேபின் படியில் ஒவ்வொருவனாக முன்னால் உட்கார வைத்து, முடியை வகிர்ந்து, காதுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில் என்று தேடுகிறேன். திண்ணையில் அக்காவுக்கு அம்மா பேன் பார்ப்பது அப்படியே நினைவுக்கு வருகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் பையன்கள் பேசுகிற பேச்சை வேறு எந்த நேரத்திலும் பேசுவதில்லை.

43 இன்னும் இங்கேதான் இருக்கிறான். ஏரியில் லூன் பறவை முதுகில் குஞ்சைச் சுமந்துகொண்டு போனதை முதலில் பார்த்தவன் அவன்தான். இரவில் லூன் கூவுவது யாரோ அழுவதுபோலவே இருக்கும். முதல் வாரம் அதற்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தான்.

ஜூலை 13, வியாழன்

கை இன்னும் நடுங்குகிறது.

மூன்றரை மணி விசில். பலகையில் சிவப்பு 38. நான் எண்ணியது 37. மறுபடி எண்ணினேன், 37. அதற்குள், மார்பளவுத் தண்ணீரில் ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு, "என் ஜோடி இல்லை" என்று 43 கத்தினான். ஒன்பது வயதுப் பிள்ளையின் குரலா அது!

நீள விசில் பறந்தது. எல்லோரும் கரையேறி உட்கார்ந்தார்கள். சமையற்காரர் முதற்கொண்டு பெரியவர்கள் ஓடிவந்து, கைகளைப் பின்னிக்கொண்டு வரிசையாகத் தண்ணீரில் இறங்கிக் காலால் அடிமணலைத் துழாவிக்கொண்டே நடந்தார்கள். ஆழத்தில் நாங்கள் நான்கு பேர். மூழ்கி, மூன்று வீச்சு நீந்தி, எழுந்து, மறுபடி மூழ்கினோம். பழுப்புத் தண்ணீரில் என் கையே எனக்குத் தெரியவில்லை. விரல் விரித்துத் தடவிக்கொண்டு போனேன். சேறு, ஒரு மரக்கிளை, வழுக்கும் ஒரு கல். அந்தக் கல்லைத் தொட்டபோது என் வாய்க்குள் வந்தது பெரியப்பா மகனின் பெயர்.

நான்கு நிமிடம். காணாமல் போன பையன் கழிப்பறையில் இருந்தான். அவசரத்தில் அட்டையைத் திருப்பாமல் ஓடியிருக்கிறான். யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. நீச்சல் துறைத் தலைவி அவனைப் பலகைக்குக் கூட்டிப்போய், அவன் கையாலேயே அட்டையை வெள்ளைக்குத் திருப்ப வைத்தார். பிறகு 43-இன் முன்னால் மண்டியிட்டு, "நீ செய்தது சரியான வேலை" என்று மட்டும் சொன்னார். நான் படகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நன்றாக அழுதேன்.

ஜூலை 30, ஞாயிறு

நாளை முதல் நிறப் போர். முகாமே இரண்டு நிற அணிகளாகப் பிரிந்து ஐந்து நாள் போட்டியிடும். முன்பெல்லாம் அணிகளுக்குப் பூர்வகுடிகளின் பெயரைச் சூட்டி, இறகும் முகச் சாயமுமாக நெருப்பைச் சுற்றி ஆடுவார்களாம். இப்போது விட்டுவிட்டார்கள். பெனோப்ஸ்காட், பாஸமக்வாடி மக்கள் இதே மாநிலத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் பார்க்கத்தானே செய்வார்கள்? அரசுப் பள்ளிகளின் அணிகள் பூர்வகுடிச் சின்னங்களை வைத்துக்கொள்வதை 2019-இல் மேய்ன் சட்டம்போட்டே தடுத்துவிட்டது. முகாமுக்கு முன்பு வந்துபோனவர்கள் சிலருக்கு இதில் வருத்தம். எனக்கு இல்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கடைசி இரவு. பலகைத் துண்டுகளில் மெழுகுவத்தி ஏற்றி ஏரியில் விட்டோம். பதினெட்டாம் பெருக்குக்கு முல்லையாற்றில் விளக்கு விடுவதைச் சொன்னேன், அந்த ஆறு எவ்வளவு ஆழம் என்று 43 கேட்டான். பெர்சீட் எரிகற்கள் விழும் நாட்கள் என்பதால் எட்டுப் பேரும் படகுத் துறையில் மல்லாந்து படுத்து, விழ விழ எண்ணினார்கள். நானும் எண்ணினேன், அவர்களைத்தான்.

ஆகஸ்ட் 14, திங்கள்

பையன்கள் சனிக்கிழமையே போய்விட்டார்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்து பனிக்கட்டி துறையை நொறுக்கிவிடும் என்பதால், இன்று அதைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கரையேற்றினோம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இழுத்ததில் தோள்பட்டை கழன்றுவிட்டது. மத்தியானம் பலகையை அளந்து நோட்டில் வரைந்துகொண்டேன். அகலம் நான்கடி, உயரம் மூன்றடி. ஆணிக்கு ஆணி மூன்று விரல்கடை.

இரவு ஒன்பது மணிக்கு அண்ணனுக்குப் போன் செய்தேன். அங்கே ஆகஸ்ட் 15 காலை ஆறரை. பலகையைப் பற்றிச் சொன்னேன். செய்துவிடலாம், தச்சரிடம் பேசுகிறேன் என்றார். எத்தனை ஆணி அடிக்க வேண்டும், நம் கிணற்றுக்கு எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேட்டேன்.

"அதை யாருடா எண்ணிப் பார்த்தது?"

"இன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. கொடியேற்றி முட்டாய் வாங்கியதும் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். போய் மோட்டார் ரூம் படியில் உட்கார், அண்ணா. செருப்பை எண்ணிச் சொல்."