அப்பாவின் ஊசி

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவுக்கு லியூப்ரோலைடு ஊசி. புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தீனி போடும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அது அடக்கிவிடும். மார்கழிக் குளிரிலும் திடீரென்று உடம்பு கொதிக்கிறது என்று ஃபேனை ஐந்தில் வைக்கச் சொல்வார். சரி, அது தெரிந்ததுதான். நேற்று பால் கணக்கைக் காலண்டர் தாளில் இரண்டு முறை எழுதியிருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இந்த நோய் வந்த 1,54,089 முதியவர்களைப் பற்றியது. இப்படி ஹார்மோனை அடக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 21.6 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய், பெறாதவர்களில் 15.8. சிகிச்சைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. தொடர்பே தெரியாத ஆய்வுகளும் உண்டு.

ஊசியை நிறுத்தப் போவதில்லை, நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பது அதுதான். ஆனால் அடுத்த முறை டாக்டரிடம் நினைவாற்றல் பரிசோதனையும் கேட்பேன். அந்தத் தாளைக் கிழித்து ஃபைலில் வைத்திருக்கிறேன்.