மாமாவின் சிஸ்டம் பைல்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிகிறது என்ற செய்தி தலவாக்கலையில் வேறு யார் தூக்கத்தைக் கெடுத்ததோ, எங்கள் மாமாவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர், கொழுந்து நிறுக்கும்போது கால் கிலோ பிசகினாலும் விடமாட்டார், அந்தக் கண்டிப்பு முழுக்க இப்போது கொம்பியூட்டர் மேல் இறங்கியிருக்கிறது. அன்றைக்கு நள்ளிரவோடு திரை அணைந்துவிடும் என்று காத்திருந்தாராம். அணையவில்லை. அதுவே அவருக்குப் பெரிய சந்தேகம்.

மிஷின் பாட்டுக்கு ஓடும் மாமா, இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்தான் நின்றுபோகும் என்று சொல்லிப் பார்த்தேன். "மொதல்ல அப்புடித்தான் சொல்லுவானுங்க" என்றார். சரி, 11க்கு மாறலாம் என்றால் அதுவும் நடக்காது. கொழும்பில் ஏதோ ஒரு கந்தோர் கழித்துவிட்டதை வாங்கி வந்த பெட்டி, நான்காம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதைப் பெரும்பாலும் திரும்பியும் பார்க்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேறு கேட்கும். மாமா வீட்டுப் பெட்டியில் அந்த மாதிரி நவீன வசதி என்று சொன்னால் சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு மட்டும்தான்.

"மருமகனே, நீ ஒன்னும் மாத்த வேணாம். சிஸ்டம் பைல எல்லாம் பத்திரமா ஒரு பிரதி எடுத்துக் குடு, அது போதும்."

சிஸ்டம் பைல் என்றால் விண்டோஸ் ஓடுவதற்கான அதன் சொந்தப் பைல்கள், இருப்பதிலேயே பிரதி எடுக்கத் தேவையில்லாத சாமான் அதுதான் என்று விளக்கினேன். விண்டோஸ் போய்விட்டால் மைக்ரோசொஃப்ட் தளத்தில் சும்மா கிடைக்கும், 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் இறக்கித் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், உங்கள் போட்டோ, காகிதம் எல்லாம் போனால்தான் போனது, முதலில் அதை எடுப்போம் என்றேன். மாமா அசையவில்லை. "அதெல்லாம் கெடக்கட்டும். சிஸ்டம் பைல் ஒன்னு விடக்கூடாது." ஒரு மனுஷனுக்கு ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

நான் போவதற்கு முன்பே அவர் சொந்த முயற்சியில் இறங்கியிருந்தார். சி டிரைவைத் திறந்து, விண்டோஸ் போல்டரை அப்படியே கொப்பி அடித்து ஒட்டுவது. அதற்குள் லட்சத்துக்கு மேல் பைல்கள் இருக்கும், சில பைல்கள் "நான் வேலையில் இருக்கிறேன், தொடாதே" என்று மறுக்கும், போதாததற்கு வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற போல்டரில் இருப்பதில் பெரும்பகுதி விண்டோஸின் உயிர்நாடியான சிஸ்டம்32 போன்ற போல்டர்களில் இருக்கும் அதே பைல்கள்தான், டிஸ்கில் ஒரே இடம், இரண்டு பெயர். கொப்பி அடிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி இடம் பிடிக்கும். தோட்டத்து ஆள் பதிவில், அதுதான் செக்ரோலில், ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் போட்ட மாதிரி என்றதும் மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது, யார் அந்தக் கள்ளன் என்று கோபம் வேறு வந்தது. அப்படியே எடுத்து முடித்தாலும் அதிலிருந்து கொம்பியூட்டர் கிளம்பாது என்பதை நான் அப்புறம்தான் சொன்னேன்.

முறையாகச் செய்வதென்றால் விண்டோஸுக்குள்ளேயே ரிக்கவரி டிரைவ், அதாவது படுத்துவிட்ட கொம்பியூட்டரைத் திரும்ப எழுப்பும் பென் டிரைவ், செய்யும் வசதி இருக்கிறது. சிஸ்டம் பைல்களையும் சேர்க்கவா என்று கேட்கும் பெட்டியில் ஒரு சரி அடையாளம் போட வேண்டும், குறைந்தது 16 ஜிபி பென் டிரைவ் வேண்டும். மாமா வீட்டில் அப்படி ஒன்று இல்லை. மாமா குடையை எடுத்துக்கொண்டு போய் மைக் செட்டுக்காரரிடம் 32 ஜிபி ஒன்று வாங்கி வந்தார், அது நிறைய அம்மன் பாட்டு. இதில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும் என்று திரையிலேயே எச்சரிக்கை வந்தது, வாசித்தும் காட்டினேன். "அவனுக்கு அதெல்லாம் மனப்பாடம்" என்று சொல்லி மாமாவே சுட்டியைப் பிடித்து அமுக்கினார்.

பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்தது. மாமி ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுவந்து வைத்தார், பின்னேரம் வழக்கம்போல இடி தொடங்கியது. எங்கேயோ மரக்கொப்பு முறிந்து கம்பியில் விழுந்திருக்க வேண்டும், கரண்ட் போய்விட்டது. 150 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் மேல் கொத்மலைத் திட்டத்துக்குத் தண்ணீர் தேங்குகிற ஊரில் குந்திக்கொண்டு மெழுகுதிரி தேடுவது எங்களுக்குப் பழகிய காட்சிதான். யூபிஎஸ் பீப் பீப் என்று அலற, மாமா அதைத் தட்டிக்கொடுத்து "கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு" என்றார், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில். அது பொறுக்கவில்லை. கரண்ட் வந்ததும் முதலிலிருந்து தொடங்கினோம், இருட்டி வெகுநேரம் கழித்து முடிந்தது.

"முடிஞ்சதா? அப்ப நம்ம கூத்தப் போட்டுக் காட்டு."

"என்ன கூத்து மாமா?"

"ரதி வேஷம் கட்டுனேனே, அதுதான்!"

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. வாலிப வயதில் மாசி மாதத்துக் காமன் கூத்தில் மாமா மீசையை மழித்துவிட்டு ரதியாக ஆடியிருக்கிறார். யாரோ பழைய கேசட்டில் பிடித்திருந்ததை டவுனில் கொடுத்து கொம்பியூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். பேரப்பிள்ளைகள் அதை எடுத்துச் சினிமாப் பாட்டோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டதும், கேசட்டும் பூஞ்சணம் பிடித்துப் போயிருக்க, இனி யாரும் கை வைக்கக்கூடாது என்று ஒரு இடம் தேடியிருக்கிறார். சிஸ்டம்32ஐத் தொடாதே, தொட்டால் பெட்டி செத்துவிடும் என்று நானே ஒருநாள் சொல்லியிருந்தேனாம். விண்டோஸ் அனுமதி கேட்டிருக்கிறது, 'தொடர்க' கொடுத்து உள்ளே வைத்துவிட்டார். போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாக விண்டோஸின் டிஎல்எல் பைல்களுக்கு மேலே "ரதி" என்று ஒரு போல்டர், அதற்குள் வீடியோ, சேமலாப நிதிக் காகிதங்கள், மாமியின் கல்யாணப் போட்டோக்கள். சிஸ்டம் பைல் என்று மாமா சொன்னதெல்லாம் இவைதான்.

பென் டிரைவைத் திறந்து காட்டினேன். பூட், ஈஎஃப்ஐ, சோர்ஸஸ் என்று மூன்று நாலு போல்டர், ரதியைக் காணோம். ரிக்கவரி டிரைவ் விண்டோஸின் சொந்தப் பைல்களை மட்டும்தான் எடுக்கும், நாம் எங்கே ஒளித்து வைத்தாலும் நம்முடையதைத் தொடாது. இதை வைத்து ஒருநாள் மீட்டால் அந்தப் போல்டரும் துடைத்துப் போய்விடும் என்றும் சொன்னேன். கூத்தில் காமன் எரிந்தால் ரதி அழுது சிவனிடம் அவன் உயிரைத் திரும்ப வாங்கிவிடுவாள், இங்கே விண்டோஸ் எழும்பும், ரதிதான் எரிந்து போவாள். மாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, குசினிக்குள் போய்விட்டார்.

என் ஹாட் டிஸ்கில் ஒன்று, என் லெப்டொப்பில் ஒன்று என்று ரதியைக் குடும்பத்தோடு பிரதி எடுத்தேன், சில நிமிஷ வேலை. மாமா முழு ஆட்டத்தையும் ஓடவிட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

"அப்ப அந்தப் பென் டிரைவுல என்னதான் இருக்கு?"

"சிஸ்டம் பைல் மாமா. ஒன்னு விடாம."

"அது நமக்கு எதுக்கு? மைக் செட்டுக்காரன்கிட்டயே குடுத்துரு."